ஹெட்லைட் பல்ப் மாற்றப்போகிறீர்களா? ஹலோஜன், எல்.இ.டி, எச்.ஐ.டி: எது உங்கள் வாகனத்துக்கு

ஒரு பக்கம் எரியாமல் போயிருக்கும். அல்லது இரண்டும் எரிந்தும் இரவில் தெரு தெரியாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்குப் போனால் மேசையில் ஐந்தாறு பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். சாதாரண ஹலோஜன், "150 வீதம் கூடுதல்" என்று அச்சிட்ட ஹலோஜன், நீலக் கண்ணாடி, 100/90 வாட், பின்னால் குட்டி ஃபேன் வைத்த எல்.இ.டி, பலாஸ்ட்டோடு (வோல்ட்டேஜை உயர்த்திப் பல்பைப் பற்ற வைக்கும் பெட்டி) வரும் எச்.ஐ.டி (இழை இல்லாமல் வாயுவுக்குள் மின்பொறியால் எரிவது). "இதப் போடுங்கண்ணே, பகல் மாதிரி இருக்கும்" என்று கடைசி இரண்டில் ஒன்றைக் காட்டுவார்கள். அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தப் பல்ப் என்பதை உங்கள் ஹெட்லைட் எப்போதோ தீர்மானித்துவிட்டது. ஹலோஜனுக்குச் செய்த ஹெட்லைட்டுக்கு நல்ல கம்பனியின் அதே வகை ஹலோஜன்தான் சரி. அதைப் போட்டும் வெளிச்சம் போதவில்லை என்றால் குறை பெரும்பாலும் பல்பில் இருக்காது. மற்றத் தெரிவுகள் பொருந்தும் இடங்களும் உண்டு, ஆனால் அவை கடையில் சொல்லப்படுவதைவிடக் குறைவு.

## முதலில், இப்போது இருப்பது என்ன?

மாடலின் பெயரைச் சொல்லி பல்ப் வாங்காதீர்கள். ஜப்பானிலிருந்து வரும் வாகனங்களில் ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஆனால் கிரேட் மாறினால் ஹெட்லைட்டும் மாறும். ஒன்றில் ஹலோஜன் இருக்கும், அடுத்ததில் கம்பனி எச்.ஐ.டி அல்லது எல்.இ.டி இருக்கும். பழைய பல்பைக் கழற்றி அதன் உலோக அடியைப் பாருங்கள். வகையும் வோல்ட்டும் வாட்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பல ஹெட்லைட்களின் கண்ணாடியிலோ பின்பக்கத்திலோ வகையே அச்சிட்டிருக்கும். முந்தைய உரிமையாளர் தவறான பல்பைத் திணித்திருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒப்பிடுவது நல்லது.

| வகை | வேலை | வாட் | லூமென் (ஹலோஜனுக்கு 13.2 வோல்ட்டில்) |
|---|---|---|---|
| எச்4 | ஹை, டிம் இரண்டும் ஒரே பல்பில் | 60/55 | 1650/1000 |
| எச்7 | ஹை அல்லது டிம் | 55 | 1500 |
| எச்11 | பெரும்பாலும் டிம் | 55 | 1350 |
| எச்பி3 | பெரும்பாலும் ஹை | 60 | 1860 |
| எச்பி4 | டிம், ஃபொக் | 51 | 1095 |
| டி2எஸ், டி4எஸ் | கம்பனி எச்.ஐ.டி, புரொஜெக்டர் | 35 | 3200 |
| டி2ஆர், டி4ஆர் | கம்பனி எச்.ஐ.டி, ரிஃப்ளெக்டர் | 35 | 2800 |

புரொஜெக்டர் என்பது உருண்டை லென்ஸ் வழியாக ஒளி விடும் ஹெட்லைட், ரிஃப்ளெக்டர் என்பது வெள்ளி பூசிய கிண்ணத்தில் பட்டு ஒளி தெறிக்கும் ஹெட்லைட். லூமென் என்பது பல்ப் விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு. இந்த எண்கள் சர்வதேச விதியில் உள்ளவை. வகைக்கு ஏற்ப சுமார் 10 முதல் 16 வீதம் வரை கூடலாம், குறையலாம். எந்தப் பெட்டியில் என்ன எண் இருந்தாலும் இந்த அட்டவணையோடு வைத்துப் பாருங்கள்.

கடையில் அடிக்கடி நடக்கும் மூன்று குழப்பங்கள் உண்டு. எச்8, எச்11, எச்16 மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் 35, 55, 19 வாட். அடியில் உள்ள காதுகளைச் சீவி மாற்றிப் போட்டால் 19 வாட்டுக்குச் செய்த ஃபொக் லைட் 55 வாட் சூட்டில் உருகும். டி2 வகை சுமார் 85 வோல்ட்டிலும் டி4 வகை சுமார் 42 வோல்ட்டிலும் இயங்குபவை, ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. மூன்றாவது, லொறி, பஸ்ஸுக்கான 24 வோல்ட் எச்4. அதே உருவம், அதே மூன்று பின். 12 வோல்ட் காரில் போட்டால் மெழுகுதிரி போலச் சிவந்து எரியும், வயரிங்கில் பிழை என்று நினைத்து ஒரு நாளையே வீணாக்குவீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

விலையைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு முன் ஐந்து விடயங்கள்.

வெளிச்சக் கோடு. டிம்மில் வைத்துச் சுவருக்கு நேரே நிறுத்தினால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் தெளிவான ஒரு கோடு. நாம் இடதுபக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடதுபக்கம் சற்று மேலேறும். சைக்கிள்காரரும் நடந்து போகிறவரும் மைல்கல்லும் அங்கேதான் தெரிவார்கள். கோடு கலைந்தால் எதிரே வரும் முச்சக்கரவண்டிச் சாரதியின் கண்ணில் உங்கள் வெளிச்சம் விழும். அவர் அந்தச் சில விநாடிகள் குருடாகத்தான் உங்களை நோக்கி வருகிறார்.

தூரத்துக்குப் போகும் வெளிச்சம். பொனட்டுக்கு முன்னால் பத்து மீட்டர் வெள்ளை வெளேரென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும், அறுபது மீட்டரில் நிற்கும் மாடு முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். "நல்ல வெளிச்சம்" என்று பலர் மகிழ்வது இந்த முன்பக்க வெள்ளையைப் பார்த்துத்தான்.

சூடும் மின்சுமையும். ஹோல்டர், வயர், ஸ்விட்ச், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் எல்லாம் தாங்க வேண்டும்.

மழை, மூடுபனி. ஹலோஜன் வெளிச்சம் சுமார் 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் நீலம் கூடும்), மஞ்சள் கலந்தது. கம்பனி எச்.ஐ.டி சுமார் 4300. கடை எல்.இ.டிகள் பெரும்பாலும் 6000க்கு மேல், நீலம் கலந்த வெள்ளை. நீலம் கூடக்கூட எதிரே வருபவருக்குக் கூச்சமும் கூடும். நனைந்த தார் வீதியில் வெள்ளைக்கோடுகளைப் பிரித்தறிவதும் கடினம்.

வழியில் பழுதானால். எச்4 ஹலோஜன் மதவாச்சியிலும் கிடைக்கும், மல்லாவியிலும் கிடைக்கும். பலாஸ்ட் கிடைக்காது.

## தெரிவு 1: பல்பே வாங்காமல் இருப்பது

கேலியாகத் தோன்றலாம். ஆனால் "வெளிச்சம் இல்லை" என்று பல்ப் தேடி அலைகிறவர்களில் பலருக்குத் தேவை இதுதான்.

கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி என்று நாம் சொல்வது பொலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசிய பாதுகாப்புப் படலம் கொழும்பு வெயிலில் கரைந்ததும் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் புகை பிடித்தது போலாகும். உள்ளே எந்தப் பல்பை வைத்தாலும் வெளிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே சிதறிவிடும், சிதறியது எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். சரிசெய்ய, சுற்றியுள்ள பெயின்டை மாஸ்கிங் டேப்பால் மூடி, தண்ணீர் விட்டு விட்டு 800, 1200, 2000, 3000 எண் நீர்த்தாள்களால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) படிப்படியாகத் தேய்த்து, பொலிஷ் போட்டு, கடைசியில் யூ.வி. தடுக்கும் கிளியர் பூச வேண்டும். பலர் கடைசிப் படியை விட்டுவிடுவார்கள். அப்படியானால் சில மாதங்களில் பழையபடி மஞ்சள்தான். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் அதே கதை. புகை உள்பக்கமாக இருந்தாலோ, ரிஃப்ளெக்டரின் வெள்ளி உரிந்திருந்தாலோ வெளியே தேய்த்துப் பயனில்லை. அப்போது தெரிவு 6.

அடுத்தது வோல்ட்டேஜ். ஹலோஜன் இழையின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேராகக் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 13.2 வோல்ட் வரவேண்டிய பல்புக்கு 12 வந்தால் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். பழைய டொல்பின் வான், பழைய சன்னி போன்றவற்றில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகப் போய் வருவதுண்டு. இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து அம்பியர் அளவு, முப்பது வருட வயரில். சோதிப்பது இலகு. என்ஜினை ஓடவிட்டு டிம் போட்டு, மல்டிமீட்டரால் பற்றரி முனைகளில் ஒரு முறை அளவுங்கள். பிறகு பல்ப் மாட்டியபடியே ஹோல்டரின் பின்புறத்தில் அளவுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எந்தப் புதுப் பல்பும் அந்த வாகனத்தில் முழுமையாக எரியாது.

அதற்கு மருந்து ரிலே, சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். 30 அம்பியர் ரிலே இரண்டு, 15 அல்லது 20 அம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், புது ஹோல்டர் இரண்டு, நல்ல ஏர்த். பழைய பிளக் ரிலேயை இயக்க மட்டும், பல்புக்கான மின்சாரம் பற்றரியிலிருந்து நேராக வரும். ஆயத்தமாகக் கட்டிய எச்4 ரிலே செட்டும் கடைகளில் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள். சில ஜப்பான் வாகனங்களில் ஸ்விட்ச் கட்டுப்படுத்துவது பொசிட்டிவை அன்று, ஏர்த்தை. சாதாரண செட்டைக் குருட்டுத்தனமாக மாட்டினால் ஹை வேலை செய்யாது, டாஷ்போர்டின் நீல விளக்கும் குழம்பும். ஓட்டோ எலெக்ட்ரிக் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, கல்கிசை என்று கடலோரத்தில் வாகனம் நிறுத்துகிறவர்கள் ஹோல்டரைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் பித்தளைத் தகடுகள் பச்சை பூத்திருக்கும். பச்சை பூத்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு தேயிலைச் சாய நிறம், பிறகு பின்னைச் சுற்றி ஒரு கருவளையம். கருவளையம் வந்த ஹோல்டரைச் சுரண்டி மறுபடி போடாதீர்கள். தகட்டின் இறுக்கம் போய்விட்டிருக்கும், புதுப் பல்பையும் அது கெடுக்கும். செராமிக் ஹோல்டர் ஒன்று வாங்கி மாற்றுங்கள். பல்பின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, ஹெட்லைட்டின் சாய்வு. அதைக் கடைசியில் சொல்கிறோம், ஏனெனில் எந்தப் பல்பைப் போட்டாலும் அதைச் செய்தாக வேண்டும்.

## தெரிவு 2: அதே வகை, சாதாரண ஹலோஜன்

பிலிப்ஸ், ஒஸ்ராம், நார்வா, கொய்ட்டோ, ஸ்டான்லி. இவற்றில் எது கிடைத்தாலும், அசலாக இருந்தால் போதும்.

ஏன் இதையே முதலில் சொல்கிறோம் என்பதற்கு ஒரு எச்4 பல்பை உலோக அடியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். உள்ளே இரண்டு சுருள் இழைகள், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து மி.மீ. நீளம். நுனிப்பக்கம் இருப்பது டிம்முக்கானது. அதற்குக் கீழே உப்புக் கரண்டி போல ஒரு சிறு உலோகத் தட்டு. டிம் இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அந்தத் தட்டுத்தான் மறிக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்ட ஒளி கீழ்நோக்கித் தெருவில் விழுகிறது. தட்டின் ஒரு விளிம்பு 15 பாகை தாழ்த்தி வெட்டப்பட்டிருப்பதால்தான் சுவரில் கோடு ஒருபக்கம் மேலேறுகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் தெருவில் வெளிச்சம் மீட்டர்க் கணக்கில் இடம் மாறும். நல்ல கம்பனிக்கும் பெயரில்லாக் கம்பனிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணாடியில் அன்று, இந்த இழை நிற்கும் இடத்தில்.

மறைவான செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை, போலியைத் தவிர. பெட்டியை நம்பாமல் பல்பைப் பாருங்கள். எழுத்துகள் உலோகத்தில் பொறித்திருக்க வேண்டும், விரல் நகத்தால் சுரண்டினால் போகக்கூடாது. இழை நேராக நிற்க வேண்டும். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு பல்புகளையும் பக்கத்தில் வைத்தால் இழைகள் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில்தான் போலிகள் அதிகம் மாட்டுகின்றன.

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று போனால் மற்றதும் அதே அளவு எரிந்ததுதான்.

## தெரிவு 3: "100 வீதம், 150 வீதம் கூடுதல்" ஹலோஜன்

இவை மோசடி அல்ல. அதே 55 வாட், அதே அடி, ஆனால் இழை மெல்லியது, நெருக்கமாகச் சுற்றியது, வாயு நிரப்பலும் வேறு. அதனால் தெருவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெளிச்சம் உண்மையாகவே கூடும். அந்த "150 வீதம்" என்பது விதியின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டு, மிகப் பிரகாசமான புள்ளியில் எடுத்த கணக்கு. மொத்த வெளிச்சம் இரண்டரை மடங்காகும் என்று நினைத்தால் ஏமாற்றந்தான். விதி அனுமதிக்கும் லூமென் எல்லைக்குள்ளேதான் இவையும் இருக்க வேண்டும்.

விலையாகக் கொடுப்பது ஆயுளை. இழை அதிக சூட்டில் எரிவதால் சாதாரண பல்பைவிட மிகச் சீக்கிரம் அறும். பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓடும் வாகனங்களுக்கும், இரவு முழுக்க ஓடும் வாடகைக் கார்களுக்கும் இது கட்டாது. மாதம் ஒன்றிரண்டு தடவை இரவோடு இரவாகப் புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போகிறவருக்கு நல்ல தெரிவு. கழற்றிய நல்ல பல்புகளை வாகனத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட்டேஜ் கூடினாலும் இவைதான் முதலில் போகும். ஐந்து வீதம் கூடினாலே ஹலோஜனின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். அடிக்கடி பல்ப் போகிற வாகனத்தில் சார்ஜிங் 15 வோல்ட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

## தெரிவு 4: நீலக் கண்ணாடி, 100/90 வாட்

இரண்டும் வேண்டாம்.

நீலக் கண்ணாடி மஞ்சள் ஒளியைத் தடுத்துத்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தடுத்த ஒளி தெருவுக்குப் போகாது. மழையில் அது இன்னும் மோசம்.

100/90 வாட் பல்ப் ஹையில் ஒன்றுக்கு எட்டு அம்பியருக்கும் மேல் இழுக்கும், இரண்டுக்கும் பதினாறு தாண்டும். ஸ்விட்ச் முதலில் போகுமா, ஹோல்டர் முதலில் போகுமா என்பதுதான் கேள்வி. ரிலே போட்டு வயரைக் காப்பாற்றினாலும் பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் பல்புக்கு மேலே பழுப்பாகி வெள்ளியை இழக்கும். அதன் பிறகு சரியான பல்பைப் போட்டாலும் பழைய வெளிச்சம் திரும்பாது. இருநூறு ரூபா மிச்சம் பிடித்து ஹெட்லைட்டையே தொலைப்பதற்குச் சமம்.

## தெரிவு 5: ஹலோஜன் ஹெட்லைட்டில் எல்.இ.டி பல்ப்

அதிகம் விற்பதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஹலோஜன் இழை ஒரு மெல்லிய உருளை, சுற்றிவர எல்லாத் திசையிலும் ஒளி விடும். எல்.இ.டியில் ஒரு தகட்டின் இரண்டு பக்கத்திலும் ஒளி விடும் சிறு சில்லுகள் (சிப்). நடுவில் தகட்டின் தடிப்பு. எனவே ரிஃப்ளெக்டரின் மேலும் கீழும் குறைவாகவும் பக்கங்களில் அதிகமாகவும் ஒளி விழும். தகடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு தூரம் கோடு கலையும். ஹெட்லைட்டுக்கு ஹெட்லைட் இது மாறும் என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. அங்கே 2020-இல் எச்7 எல்.இ.டி ஒன்றுக்கு முதன்முதலாகச் சட்டபூர்வ அனுமதி கிடைத்தபோது, சோதித்துத் தேறிய குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டுமே அது கொடுக்கப்பட்டது. அதே பல்ப், பட்டியலில் இல்லாத காரில் அங்கே சட்டவிரோதம்.

பெட்டியில் "20,000 லூமென்" என்று இருந்தால் வாட்டைப் பாருங்கள். நல்ல எல்.இ.டி ஒரு வாட்டுக்கு நூறு லூமென் அளவில் தரும். 35 வாட் பல்ப் மூன்றாயிரத்து ஐந்நூறைத் தொட்டாலே பெரிது, அதுவும் குளிராக இருக்கும்போது. கடையில் போட்டுக் காட்டுவது முதல் ஒரு நிமிடம். இருபது நிமிடம் எரிந்து சூடேறியதும் விலை குறைந்தவை கண்ணுக்குத் தெரியும்படி மங்கும்.

மறைவான செலவுகள் வேறு. பின்னால் ஃபேனும் தட்டும் நீண்டிருப்பதால் ரப்பர் மூடி பூட்டாது. மூடியை வெட்டி ஓட்டை போட்டு மாட்டித் தருவார்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அந்த ஓட்டை வழியாக ஈரம் போகும், ஹெட்லைட்டுக்குள் பனி பிடிக்கும், வெள்ளி கெடும். எஃப்.எம். வானொலியில் இரைச்சல் வரலாம். சில ஐரோப்பிய வாகனங்களில் "பல்ப் பழுது" என்று எச்சரிக்கை விளக்கு எரியும், அல்லது வெளிச்சம் நடுங்கும். ஃபேன் நின்றால் சில்லு கருகும். பழுதானால் திருத்தவும் முடியாது.

அப்படியும் போட விரும்பினால், பணம் கொடுக்கும் முன் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் எல்.இ.டி மாட்டுங்கள், மறுபக்கம் பழைய ஹலோஜன் இருக்கட்டும். தகட்டின் சில்லுகள் இடதும் வலதும் பார்க்க நிற்க வேண்டும், மணிக்கூட்டில் மூன்றும் ஒன்பதும் போல. இரவில் சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் நிறுத்தி, டிம் போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் அட்டையால் மறைத்து மாறி மாறிப் பாருங்கள். ஹலோஜன் பக்கத்துக் கோடு எவ்வளவு கூர்மையோ அதே கூர்மை எல்.இ.டி பக்கத்திலும் வேண்டும், அதே உயரத்தில். கோட்டுக்கு மேலே வெள்ளைப் புகைபோல் ஒளி பரவினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். பிறகு பத்து மீட்டருக்கு அப்பால், கார்ச் சாரதியின் கண் உயரத்துக்குக் குனிந்து நின்று ஹெட்லைட்டை நேரே பாருங்கள். உங்களாலேயே பார்க்க முடியாததை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. பொலிஸ் பரிசோதனை ஒருபுறம் இருக்கட்டும், இதை நாம் நமக்காகவே செய்ய வேண்டும்.

எச்11 போன்ற பல்ப் உள்ள புரொஜெக்டர் ஹெட்லைட்களில் கோட்டை உள்ளிருக்கும் தகடு வெட்டுவதால் இந்தச் சோதனையில் தேறும் வாய்ப்பு அதிகம். எச்4 ரிஃப்ளெக்டரில் தேறுவது அரிது. பல்புக்கு வோல்ட்டேஜ் குறைவாக வரும் பழைய வாகனத்தில் எல்.இ.டிக்கு ஒரு நியாயம் உண்டு, அது வோல்ட்டேஜ் குறைவைத் தாங்கும். ஆனால் அங்கேயும் ரிலே மலிவு.

## எச்.ஐ.டி: கிட்டா, கம்பனி பல்பா?

இரண்டும் ஒரே பெயரில் ஓடும் வெவ்வேறு விடயங்கள்.

ஹலோஜன் ஹெட்லைட்டில் போடும் எச்.ஐ.டி கிட் வேண்டவே வேண்டாம். ஒளி மூலத்தின் உருவமும் இடமும் பொருந்தாது, ஒளியின் அளவோ இரண்டு, மூன்று மடங்கு. எதிரே வருபவரைக் குருடாக்குவதில் இதற்கு இணை இல்லை. போட்டவுடன் முழு வெளிச்சம் வராமல் சில விநாடிகள் எடுப்பதால் ஹை அடித்துச் சைகை காட்டவும் உதவாது. பற்ற வைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் உருவாகும், ஈரம் புகுந்த பலாஸ்ட்டில் கை வைப்பது ஆபத்து.

கம்பனியிலிருந்தே எச்.ஐ.டி உள்ள வாகனத்தில் நிலைமை வேறு. அங்கே மாற்றுப் பல்பும் எச்.ஐ.டிதான், அதே டி எண், அதே கடைசி எழுத்து. எஸ் என்பது புரொஜெக்டருக்கு, ஆர் என்பது ரிஃப்ளெக்டருக்கு. ஆர் வகையில் கண்ணாடிக் குழாயில் கருப்புப் பட்டை பூசியிருக்கும், கோட்டை உண்டாக்குவது அதுதான். எஸ் மலிவாகக் கிடைத்தது என்று ரிஃப்ளெக்டரில் போட்டால் கோடே இருக்காது. நிறம் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால், அல்லது எரிந்து எரிந்து அணைந்தால் பல்ப் முடிந்தது. முடிவு செய்யும் முன் இடது வலது பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பல்போடு இடம் மாறினால் பல்ப், அதே பக்கம் நின்றால் பலாஸ்ட். 4300 கெல்வினிலேயே வாங்குங்கள், 6000, 8000 என்று ஏற ஏற வெளிச்சம் குறையும். விலை கூடிய பொருள் என்பதால் போலியும் அதிகம். பெட்டியில் இணையத்தில் சரிபார்க்கும் குறியீடு இருந்தால் கடையிலேயே சரிபாருங்கள்.

## தெரிவு 6: முழு ஹெட்லைட்டையும் மாற்றுவது

உள்பக்கம் புகை பிடித்தது, வெள்ளி உரிந்தது, கொக்கி உடைந்தது, பல்பே இல்லாத கம்பனி எல்.இ.டி பழுதானது. இந்த நான்கிலும் இதுதான் வழி. ஜப்பான் ரீகண்டிஷன் ஹெட்லைட் கிடைத்தால் பெயரில்லாப் புதியதைவிட அதுவே நல்லது, வெளிச்சக் கோடு ஒழுங்காக இருக்கும். பிரித்தானிய வாகனத்தினதும் பொருந்தும், அங்கேயும் இடதுபக்க ஓட்டம். ஐரோப்பியக் கண்டத்து ஹெட்லைட் என்றால் கோடு வலதுபக்கம் மேலேறி எதிர்ச் சாரதியின் முகத்தில் அடிக்கும். கண்ணாடியில் உள்ள குறியைப் பாருங்கள். எதிரே நின்று பார்க்கும்போது வலப்புறம் காட்டும் அம்பு இடதுபக்க ஓட்டத்துக்கு, இரட்டை அம்பு இரண்டுக்கும், அம்பே இல்லாவிட்டால் வலதுபக்க ஓட்டத்துக்கு.

ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து உள்ளே புரொஜெக்டர் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கை தேர்ந்தவர் செய்தால் வெளிச்சக் கோடு அருமையாக வரும். மறுபடி ஒட்டும் இடத்தில் ஒரு நூல் பிழைத்தாலும் மழைத்தண்ணீர் உள்ளே நிற்கும்.

| தெரிவு | வெளிச்சக் கோடு | ஆயுள் | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கண்ணாடி, ரிலே, சாய்வு | மேம்படும் | நீண்டது | கூலி | பத்து வருடம் தாண்டிய எல்லா வாகனத்துக்கும் |
| சாதாரண ஹலோஜன் | சரி | நல்லது | போலி | பெரும்பாலானோருக்கு |
| கூடுதல் வெளிச்ச ஹலோஜன் | சரி | குறைவு | அடிக்கடி மாற்றுவது | நகருக்கு வெளியே இரவுப் பயணம் உள்ளவருக்கு |
| நீலம், 100/90 | குறைந்த வெளிச்சம் அல்லது அதிக சூடு | குறைவு | ஹோல்டர், ஸ்விட்ச், ரிஃப்ளெக்டர் | யாருக்கும் இல்லை |
| எல்.இ.டி | சோதித்தே தெரியும் | ஃபேனைப் பொறுத்தது | மூடி, ஈரம், இரைச்சல் | சோதனையில் தேறிய புரொஜெக்டருக்கு |
| எச்.ஐ.டி கிட் | கலையும் | பலாஸ்ட்டைப் பொறுத்தது | மற்றவர் கண் | யாருக்கும் இல்லை |
| கம்பனி எச்.ஐ.டி பல்ப் | சரி | நீண்டது | பலாஸ்ட், போலி | அதே வகையோடு வந்த வாகனத்துக்கு |
| முழு ஹெட்லைட் | சரி, அசல் என்றால் | நீண்டது | அம்புக்குறி பிழைத்தால் எல்லாம் | ரிஃப்ளெக்டர் கெட்டவர்களுக்கு |

ஹட்டன், நுவரெலியா பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கினிகத்தேனை தாண்டி மூடுபனியில் எந்த ஹெட்லைட் பல்பும் உதவாது, ஹை போட்டால் வெள்ளைச் சுவர்தான். தாழ்வாக மாட்டிய மஞ்சள் ஃபொக் லைட்டும் டிம்மும் குறைந்த வேகமுந்தான் அங்கே வேலை செய்யும். ஹெட்லைட் பல்புக்குச் செலவழிக்க நினைத்த காசில் ஒரு பகுதியை அங்கே போடுங்கள்.

## மாட்டும்போதும் மாட்டிய பிறகும்

விளக்கை அணைத்து, பல்ப் ஆறும்வரை காத்திருங்கள். புதுப் பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள். விரலின் எண்ணெயும் உப்பும் பட்ட இடம் சூட்டில் பலவீனமாகும். பட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடையுங்கள். எச்4 அடியின் மூன்று காதுகளில் அகலமானது மேலே வரும். ரப்பர் மூடியில் மேற்புறம் எது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அதன்படி அழுத்திப் பூட்டுங்கள். எச்7இல் கம்பிக் கொக்கி பாதி மட்டும் விழுந்து பல்ப் சரிந்து நிற்பது மிகச் சாதாரணம். வெளிச்சம் வானத்தையோ பம்பரையோ பார்த்தால் முதலில் அந்தக் கொக்கியைச் சந்தேகியுங்கள்.

பிறகு சாய்வு. டயர்க் காற்றைச் சரிபார்த்து, சாரதி ஆசனத்தில் ஒருவரை உட்காரவைத்து, டாஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் பூச்சியத்தில் வையுங்கள். சமதரை வேண்டும், தொடர்மாடிகளின் அடித்தள வாகனத் தரிப்பிடம் பெரும்பாலும் பொருந்தும். சுவரிலிருந்து ஐந்து மீட்டரில் நிறுத்தி, தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம்வரை உள்ள உயரத்தை அளந்து சுவரில் டேப்பால் குறியுங்கள். டிம் கோடு அந்தக் குறிக்குக் கீழே ஐந்து முதல் ஆறரை செ.மீ.க்குள் விழ வேண்டும். சில ஹெட்லைட்களில் 1.0 அல்லது 1.3 வீதம் என்று பொறித்திருக்கும், அது இந்தக் கணக்குத்தான். பின்னால் உள்ள திருகாணியை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்புங்கள், ஒரு பக்கத்தைச் செய்யும்போது மறுபக்கத்தை அட்டையால் மறைத்துக்கொண்டு.

கழற்றியவற்றில் இன்னும் எரியும் பல்பைப் புதுப் பல்ப் வந்த பெட்டியிலேயே வைத்து, ஒரு துண்டுத் துணியில் சுற்றி டிக்கியில் போடுங்கள், கூடவே ஒரு சிறு டோர்ச்சும்.